உயிர் எலியா, ஐஸ் எலியா? கடலோர வீட்டில் பாம்புக்குத் தீனி

தொண்டியிலும் பாம்பனிலும் ஐஸ் மீனை யாரும் மதிப்பதில்லை. செவுளைத் தூக்கிப் பார்த்து, சிவப்பு இருந்தால்தான் விலை கேட்பார்கள். அதே கண்ணோடு ப்ரீசரில் விறைத்துக் கிடக்கும் எலியைப் பார்த்தால், "இதில் என்ன சத்து இருக்கும், உயிரோடு போட்டால்தானே பாம்புக்கு நல்லது" என்று தோன்றத்தான் செய்யும். பால் பைத்தான் (ball python), கார்ன் ஸ்னேக் (corn snake) போன்ற வெளிநாட்டுப் பாம்புகளை வளர்க்கும் பலர் உயிர் எலியை விட்டு நகராததற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

சத்துக் கணக்கில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. முழு எலி முழு எலிதான்: எலும்பு, ஈரல், குடல், ரோமம் எல்லாம் அதில் அப்படியே இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் ப்ரீசரில் கிடந்தால் வைட்டமின் ஈ குறையும், கொழுப்பு சிக்குப் பிடிக்கும். அதற்குள் கொடுத்துவிட்டால் அந்தப் பேச்சே இல்லை. உண்மையான வித்தியாசம் மூன்று: பாம்புக்கு விழும் கடி, எலி படும் வதை, மைனஸ் 18 டிகிரி குளிரை நம் வீட்டில் விடாமல் காப்பாற்ற முடியுமா என்பது. முதல் இரண்டும் எல்லா ஊருக்கும் பொது. மூன்றாவதுதான் ராமநாதபுரம் கடலோரத்தில் முடிவை மாற்றுகிறது.

முடிவை இங்கேயே சொல்லிவிடலாம். கரண்ட் ஓரளவு ஒழுங்காக இருக்கும் வீட்டுக்கு உறைய வைத்த எலி. கரண்ட் அடிக்கடி போய் வரும் வீட்டுக்கு, அன்றைக்கே கொன்று கொடுக்கும் எலி. கண் திறக்காத குஞ்சைத் தவிர, உயிர் எலி எந்த வீட்டுக்கும் வேண்டாம்.

அதற்கு முன் ஒரு விஷயம். இங்கே பேசுவது வெளிநாட்டு இனங்களைப் பற்றி மட்டும். சாரை, மலைப்பாம்பு, மண்ணுளி, தண்ணீர்ப் பாம்பு என்று நம் மண்ணின் பாம்புகளை வீட்டில் வைக்க 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. பால் பைத்தான், உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் (CITES) ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள இனம். 2022 திருத்தத்துக்குப் பிறகு, 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் அதைப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாத பாம்பை வைத்துக்கொண்டு தீனியைப் பற்றி யோசிப்பதில் பயனில்லை.

உயிர் எலி போட்டால் என்ன ஆகும்

பசியுள்ள பாம்பு, சரியான அளவு எலி, சரியான இருட்டு: மூன்றும் சேர்ந்தால் சில நொடிகளில் எலியைச் சுற்றி இறுக்கிவிடும். வீடியோவில் வருவது இந்த நாள் மட்டும்தான். பாம்பு தலையைப் பிடிக்காமல் இடுப்பைப் பிடித்த நாளில் எலி திரும்பிக் கடிக்கும். எலியின் முன்பல் உளி மாதிரி வேலை செய்யும். கண், உதடு, உதட்டோரத்தில் சூட்டை உணரும் குழிகள் எல்லாம் அதற்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. கண்ணில் விழுந்த கடிக்கு வைத்தியம் பார்த்தாலும் பார்வை திரும்பும் என்று சொல்ல முடியாது.

அதைவிட மோசம், பாம்பு சாப்பிடாத நாள். தோல் உரிக்கப் போகும் வாரத்திலும், இனச்சேர்க்கைக் காலத்திலும் பால் பைத்தான் எதையும் தொடாது. ஆண் பாம்பு மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும், அது அதன் இயல்பு. "ஒருவேளை உயிரோடு போட்டால் தின்னுமோ" என்று அப்போதுதான் எலியைப் பெட்டிக்குள் விட்டுப் படுக்கப் போவார்கள். எலிக்கு ராத்திரியில் பசிக்கும். சுருண்டு கிடக்கும் பாம்பின் முதுகைக் கொறிக்கத் தொடங்கினால் பாம்பு பெரும்பாலும் எதிர்க்காது, ஒதுங்கத்தான் பார்க்கும். காலையில் செதில் போய், சதை போய், முள்ளந்தண்டு தெரியும் அளவுக்குக் காயம் இருக்கும். சாப்பிடாத பாம்புக்கு உயிர் எலி மருந்தல்ல. அந்த நேரத்தில்தான் அது மிகவும் ஆபத்து.

கடி விழுந்துவிட்டால், மருத்துவமனையில் ஏற்றும் நார்மல் சலைன் போன்ற 0.9 சதவீத உப்புநீரால் காயத்தைக் கழுவ வேண்டும். பிறகு கடையில் கிடைக்கும் 10 சதவீத போவிடோன் அயோடினைப் பத்து மடங்கு நீரில் கலந்து ஒற்றி எடுக்கலாம். மஞ்சள், வேப்பெண்ணெய், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். பெட்டியில் உள்ள தேங்காய் நார்த்தூளை எடுத்துவிட்டு, காயம் ஆறும்வரை வெறும் காகிதம் விரிக்கவும். எலிப்பல் காயம் வெளியே சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே சீழ் கட்டும். ஆன்டிபயாட்டிக் வேண்டுமா, எவ்வளவு என்பதைப் பாம்பின் எடையைப் பார்த்துக் கால்நடை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இங்கே இன்னொரு ஆசையும் வரும்: எலிக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? தென்னந்தோப்பிலும் கருவாட்டுக் கிட்டங்கியிலும் எலிக்குப் பஞ்சமே இல்லை. அந்த எலியைத் தொடவே கூடாது. தோப்பிலும் கிட்டங்கியிலும் எலி விஷமாகப் புரோமாடியோலோன் கட்டியும் சிங்க் பாஸ்பைடும் வைப்பது வழக்கம். புரோமாடியோலோன் தின்ற எலி உடனே சாகாது, சில நாள் நடமாடும். அந்த நாட்களில் பொறியில் சிக்கும் எலி பார்க்க நன்றாகவே இருக்கும், அதன் ஈரலில் விஷம் இருக்கும். அதோடு ஒட்டுண்ணி, புழு, எலிக்காய்ச்சல் கிருமி. எலிக்காய்ச்சல் சிறுநீர் வழியே பரவுவது, பாம்பை விட நமக்குத்தான் அது வினை. ப்ரீசரில் ஒரு மாதம் வைத்தால் புழுவும் பேனும் பெரும்பாலும் செத்துவிடும். விஷம் எங்கும் போகாது.

சட்டப் பக்கமும் ஒன்று உண்டு. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, வேடிக்கைக்காக ஒரு உயிரை அடைத்து வைத்து இன்னொன்றுக்கு இரையாக்குவதைக் குற்றம் என்கிறது. எலியைப் போட்டுப் படம் பிடித்து ரீல்ஸ் விடுகிறவர்கள் இதை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

எலியை வீட்டிலேயே வளர்த்தால் என்ன என்று கேட்டால், கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். வளர்ந்த பால் பைத்தான் ஒன்றுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு எலி போதும், வருடத்துக்கு 13 முதல் 26. பெண் வெள்ளை எலி 21 முதல் 23 நாளில் ஈனும், ஒரு ஈற்றுக்கு எட்டுப் பத்துக் குட்டி. ஒரு ஜோடி போட்ட ஓர் ஈற்றே அரை வருடத் தீனி. அத்தனையையும் உயிரோடு வைத்திருந்தால் பாதிக் குட்டிகள் பாம்பு விழுங்கும் அளவைத் தாண்டி வளர்ந்துவிடும். ஆக, எலி வளர்த்தாலும் ப்ரீசர் வேண்டியிருக்கிறது. இன்னொரு தலைவலி: எலிக்கு 20 முதல் 26 டிகிரி சுகம். கத்திரி வெயிலில் தகரக் கொட்டகையில் வைத்தால் ஈற்று குறையும், தாய் குட்டியைத் தின்னும், மதியத்தில் எலிகளே வெப்பத்தில் சாகும். கொல்லையில் எலிக்கூண்டு இருந்தால் நல்ல பாம்பும் வாசம் பிடித்து வந்து சேரும். வளர்க்கிற பாம்புக்குத் தீனி தேடப் போய்க் காட்டுப் பாம்புக்கு விருந்து வைத்த கதையாகிவிடும்.

ப்ரீசர் எலி: குளிர் எங்கே அறுகிறது

உறைய வைத்த எலியின் லாபம் எளிது. கடிக்காது, ஓடாது, அளவு பார்த்து எடுக்கலாம், ஆறு மாதத் தீனி ஒரு டப்பாவுக்குள் அடங்கும். உள்ளூர்க் கடைகளில் உறைந்த எலி கிடைப்பது அரிது. வெளியூரிலிருந்து தெர்மாகோல் பெட்டியில் வரவழைக்கலாம், அல்லது வளர்ப்பு எலியை வாங்கி முறைப்படி கொன்று நாமே உறைய வைக்கலாம். உயிரோடு ப்ரீசரில் போடுவது கொடுமை, அதைச் செய்யவே கூடாது.

பார்சல் வந்ததும் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்க்க வேண்டும். கல் மாதிரி இருந்தால் ப்ரீசருக்குள். தோல் மட்டும் இளகி உள்ளே கெட்டியாக இருந்தால் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து மறுநாளுக்குள் கொடுத்துவிட வேண்டும். முழுக்க நெகிழ்ந்து, வயிறு பச்சையோடி, ரோமம் பிடித்தால் கையோடு வந்தால் குழியில் புதைக்க வேண்டியதுதான். ஒருமுறை இளகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது. குடலில் இருக்கும் பாக்டீரியா குளிரில் சாவதில்லை, தூங்குகிறது. இளகும்போது பெருகி, மறுமுறை இளகும்போது இன்னும் பெருகும்.

இப்போது கரண்ட். பலர் வீட்டில் இருப்பது ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். அதன் மேல் ஐஸ் அறை மைனஸ் 18-க்குப் போவதில்லை. அதைவிட, நடுவில் இருக்கும் டீஃப்ராஸ்ட் பட்டனை வீட்டில் யாராவது அமுக்கினால் ஐஸோடு சேர்ந்து எலியும் இளகும், பிறகு தானே உறைந்தும் விடும். பார்த்தால் ஒன்றும் தெரியாது. பாம்பு கக்கும்போதுதான் தெரியும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி: ஒரு டம்ளரில் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு ரூபாய்க் காசை வைத்து, எலி டப்பாவுக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். காசு மேலே இருக்கும்வரை கவலையில்லை. ஐஸுக்குள் காசு இறங்கியிருந்தால், நாம் இல்லாத நேரத்தில் எல்லாம் இளகி மறுபடி உறைந்திருக்கிறது என்று பொருள். அந்தச் சரக்கு மொத்தமும் குப்பை.

ஐப்பசி, கார்த்திகைப் புயல் நாட்களில் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. நிறைந்து மூடியே இருக்கும் ப்ரீசர் சுமார் 48 மணி நேரம் தாங்கும், பாதி காலியாக இருந்தால் 24. இது பெரிய ப்ரீசருக்கான கணக்கு, ஃப்ரிட்ஜ் மேல் அறைக்குப் பொருந்தாது. காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து நிரப்பி வைத்தால் நேரம் கூடும். அதற்கும் மேல் போனால் கடலோரக்காரருக்கு ஒரு வசதி இருக்கிறது: ஐஸ் கம்பெனியும் உப்பும் பக்கத்திலேயே உள்ளன. வெறும் ஐஸ் 0 டிகிரிதான், அதில் எலி மெல்ல இளகும். நொறுக்கிய ஐஸ் மூன்று பங்குக்குக் கல்லுப்பு ஒரு பங்கு கலந்தால் மைனஸ் 15-க்கும் கீழே இறங்கும். எலிகளை இரண்டு உறை போட்டுக் கட்டி, மீன் அனுப்பும் தெர்மாகோல் பெட்டியில் அடியிலும் மேலும் இந்தக் கலவையைக் கொட்டி, மூடியை டேப் ஒட்டிவிட வேண்டும். உருகிய உப்புநீரை வடித்துவிட்டு, அரை நாளுக்கு ஒருமுறை ஐஸும் உப்பும் புதிதாகப் போட வேண்டும். உறையில் ஓட்டை இருந்தால் உப்புநீர் எலிக்குள் இறங்கிவிடும், அந்த எலி ஆகாது. வெறும் கையால் இந்தக் கலவையை அளைந்தால் தோல் பொத்துப்போகும், கையுறை அவசியம்.

வீட்டில் வரும் சண்டையையும் சொல்ல வேண்டும். வஞ்சிரமும் எலியும் ஒரே ப்ரீசரில் இருப்பதை எந்த வீட்டிலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அவர்கள் பக்கம்தான் நியாயம். உறைந்த எலியிலும் சால்மொனெல்லா கிருமி உயிரோடுதான் இருக்கும். தனியாக ஒரு சின்ன ப்ரீசர் முடியாதென்றால், ஜிப் கவருக்குள் எலி, அது இறுக்கமான மூடி போட்ட டப்பாவுக்குள், டப்பா அடித்தட்டில். கவரின் மேல் எடையும் தேதியும் எழுதிவிட வேண்டும். எலிக்கென்று தனி வாளி, தனி இடுக்கி. சமையல் பாத்திரம் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அந்தப் பக்கம் வரவேண்டாம்.

இளக வைப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். காலையில் எடுத்து மேசையில் வைத்துவிட்டு மாலையில் கொடுப்பது குளிர்நாட்டுப் பழக்கம். இங்கே சித்திரையில் வீட்டுக்குள்ளேயே 34 டிகிரி. வெளித்தோல் ஒரு மணி நேரத்தில் இளகி அழுகத் தொடங்கும்போது நடு வயிறு இன்னும் கட்டியாகவே இருக்கும். அப்படிக் கொடுத்தால் பாம்பின் வயிற்றில் குளிர்ந்த கட்டியும் பெருகும் கிருமியும் சேர்ந்து, இரண்டு நாளில் நாற்றத்தோடு வெளியே வரும்.

சரியான முறை இது. முந்தைய இரவு கவரோடு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில். சுண்டெலிக்கு நான்கைந்து மணி நேரம், 100 கிராம் எலிக்கு இரவு முழுவதும். மாலையில் வாளியில் 40 டிகிரித் தண்ணீர், கை பொறுக்கும் சூடு. அதில் கவரோடு அமிழ்த்தி, மேலே கனம் வைத்து, சுண்டெலியை 10 நிமிடம், எலியை 20 முதல் 30 நிமிடம் வைக்க வேண்டும். நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றவும். கவர் இருப்பதால் உவர்த் தண்ணீரே போதும், லாரித் தண்ணீரை வீணாக்க வேண்டாம். பிறகு வயிற்றையும் தொடை இடுக்கையும் விரலால் அமுக்கிப் பார்க்க வேண்டும். எங்கேயாவது நெருடினால் மறுபடி தண்ணீருக்குள். கொதிநீர் ஊற்றினால் வயிற்றுத் தோல் வெந்து, பாம்பு இறுக்கும்போது பிளந்து கொட்டும். மைக்ரோவேவில் வைத்தால் ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் பச்சையாக நிற்கும், வெடிக்கவும் செய்யும்.

கொடுக்கும்போது தலைப் பக்கம் 38 முதல் 40 டிகிரி இருக்க வேண்டும். சூட்டுமானித் துப்பாக்கி இருந்தால் வசதி. பால் பைத்தான் சூட்டை வைத்து இரையை அறியும் இனம், உடம்பு சுட்டாலும் தலை ஆறிவிட்டால் அதற்கு அது இரையாகத் தெரியாது. கார்ன் ஸ்னேக்குக்கு அந்தக் குழிகள் கிடையாது, அது வாசத்தை நம்பும், சூடு கொஞ்சம் முன்பின் இருந்தாலும் எடுக்கும். எலியைத் துணியால் துடைத்து ஈரம் போக்கிவிட வேண்டும், ஈர ரோமத்தில் நார்த்தூள் அப்பிக்கொண்டு வாயில் சிக்கும். 30 செ.மீ. நீள இடுக்கியால் பிடரியிலோ முதுகிலோ பிடித்து, பாம்பின் முகத்துக்கு நேராகக் குத்தாமல் பக்கவாட்டில் மெல்ல நகர்த்த வேண்டும். விளக்கு மங்கலாக இருக்கட்டும். எடுக்கவில்லை என்றால் தலையை மட்டும் மறுபடி சூடாக்கி இன்னொரு முறை. அப்போதும் இல்லை என்றால், ஓட்டுச் சில்லின் மேல் வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் தனியாக விடலாம். அதற்கு மேல் வைத்தால் எறும்பு வரும். எறும்பு எலியோடு நிற்காது, பாம்பையும் மொய்க்கும்.

நடுவழி: அன்றைக்கே கொன்றது

இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில், வளர்ப்பு எலி கிடைக்கும் ஊரில், இதுதான் உகந்தது. எலி சூடாகவே இருக்கும், பாம்பும் மறுக்காது, கடியும் இல்லை. சிக்கல் கொல்வதில். கழுத்தெலும்பைச் சட்டென விலக்கும் முறை சுண்டெலிக்கும் 200 கிராமுக்குக் குறைந்த எலிக்கும் ஏற்கப்பட்டது. ஆனால் படம் பார்த்துப் பழகும் வேலை இல்லை, கால்நடை மருத்துவரிடமோ ஆய்வுக்கூடத்தில் பழகியவரிடமோ கற்றுக்கொள்ள வேண்டும். அரைகுறையாகச் செய்தால் எலிக்கு வேதனை, நமக்கும் கடி. சுவரில் அடிப்பது, தண்ணீரில் முக்குவது எல்லாம் வேண்டாம். மனம் ஒப்பவில்லை என்றால் வெளியூரிலிருந்து உறைந்த எலியை வரவழைத்துக்கொள்வதே மேல்.

மீன் போடலாமா என்ற கேள்விக்குச் சுருக்கமான பதில்: வேண்டாம். பால் பைத்தானும் கார்ன் ஸ்னேக்கும் மீன் தின்னும் இனங்கள் இல்லை. சாளை, நெத்திலி வகையறாவில் தயாமினேஸ் என்ற நொதி உண்டு, அது வைட்டமின் பி1-ஐ அழிக்கும், உறைய வைத்தாலும் சாகாது. அதையே தின்னும் பாம்புக்கு நடுக்கமும் வலிப்பும் வரும். காடைக் குஞ்சு, கோழிக் குஞ்சு எப்போதாவது ஒன்று கொடுக்கலாம், கழிச்சல் இளகலாகப் போகும். பழகிவிட்டால் சில பாம்பு எலியைத் திரும்பிப் பார்க்காது.

எந்த முறையானாலும் அளவு ஒன்றுதான். இரையின் பருமன் பாம்பின் நடு உடம்புப் பருமனை ஒத்திருக்கட்டும், கால் பங்குக்கு மேல் கூட வேண்டாம். குட்டிப் பாம்புக்கு அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம், வாரம் ஒருமுறை. வளர்ந்த பால் பைத்தானுக்கு 5 முதல் 7 சதவீதம். 1500 கிராம் பாம்புக்கு 75 முதல் 105 கிராம் எலி. சமையலறைத் தராசு ஒன்று எலிக்கென்றே வாங்கி வைத்தால் ஊகம் மிச்சம். விழுங்கிய பின் 48 மணி நேரம் பாம்பைத் தூக்கக் கூடாது. கக்கிவிட்டால் 10 முதல் 14 நாள் பட்டினி போட்டு, அடுத்த முறை பாதி அளவு இரை. இங்கே கக்குவதற்குப் பெட்டிக் குளிர் காரணமாவது அரிது. ஏசி அறையில் வைத்த பாம்பு, அல்லது வைகாசியில் பெட்டி 35 டிகிரியைத் தாண்டியது, இரண்டையும் முதலில் பார்க்க வேண்டும்.

உயிர் எலியிலிருந்து மாற்றுவது

உயிர் எலிக்குப் பழகிய பாம்பு ஒரே நாளில் மாறாது. முதலில் இரண்டு முறை, அன்றைக்கே கொன்ற எலியை இடுக்கியில் பிடித்துக் கொடுக்க வேண்டும். அசைவை இடுக்கி தரும், சூடும் வாசமும் எலியிடமே இருக்கும். அடுத்து, உறைந்து இளகிய எலியை உயிர் எலிக் கூண்டில் விரித்திருந்த மரத்தூளில் புரட்டி, சூடாக்கிக் கொடுக்கலாம். அதற்குப் பின் மரத்தூளும் தேவைப்படாது. மறுத்தால் தினமும் நச்சரிக்கக் கூடாது, ஒரு வாரம் விட்டுப் பிறகு ஒரு முயற்சி. மறைந்திருக்க இறுக்கமான குகைப் பெட்டி இல்லாததும், கண்ணாடி நாலாபுறமும் திறந்து கிடப்பதும் மறுப்புக்குக் காரணமாகலாம். மூன்று பக்கம் காகிதம் ஒட்டிப் பார்க்கவும்.

முட்டையிலிருந்து வந்து முதல் இரையே எடுக்காத குட்டிக்கு மட்டும் உயிர்த் தீனி நியாயம். அதுவும் கண் திறக்காத, பல் முளைக்காத பிங்கி, சுண்டெலிக் குஞ்சானால் ஒன்றிரண்டு கிராம்தான் இருக்கும். அதற்கு முன், உறைந்த பிங்கியை இளக்கிக் கழுவி, தலையில் ஊசியால் குத்தி வாசம் வரச்செய்து, காற்றுத் துளை போட்ட சின்ன டப்பாவில் குட்டியோடு ஓர் இரவு வைத்துப் பார்க்க வேண்டும். பல சமயம் சிக்கல் இந்த டப்பாவிலேயே தீரும். தீராவிட்டால் உயிர்ப் பிங்கி ஒன்று, மாலையில், அரை மணி நேரம். எடுக்காவிட்டால் பிங்கியைத் தாயிடம் திருப்பிவிட வேண்டும், அது குளிர்ந்து சாகும்வரை விடக் கூடாது. இரண்டு முறை உயிரோடு எடுத்த குட்டிக்கு மூன்றாம் முறை இளக்கிய பிங்கியைக் காட்டலாம். குட்டியின் எடையை வாரம் ஒருமுறை எழுதி வரவும். 10 சதவீதம் குறைந்தால் மேற்கொண்டு இரையை மாற்றி மாற்றிப் பார்க்காமல் கால்நடை மருத்துவரிடம் எடுத்துப் போக வேண்டும்.